மதர்போர்டு வாங்கும் முன்: சிப்செட்டையும் ரேமையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது

"மாமா, ரேம் உள்ள போகமாட்டேங்குது, கொஞ்சம் அழுத்தட்டுமா?" போனில் அக்கா மகன். அழுத்தாதே, வெளியே எடுத்து ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் பிடித்து வீடியோ காலில் காட்டு என்றேன். காட்டினான். ரேமின் அடிப்பக்கம், தங்க நிறப் பற்களுக்கு நடுவே ஒரு சின்ன வெட்டு இருக்கும். ஸ்லாட்டுக்குள் அதற்கேற்றாற்போல் ஒரு சின்ன மேடு இருக்கும். அவன் கையில் இருந்ததில் அந்த வெட்டும் மேடும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றன. அவன் வாங்கியிருந்தது பி760 என்ற சிப்செட் கொண்ட மதர்போர்டு, இன்டெல் ஐ5-13400 பிராசசர், 32 ஜிபி டிடிஆர்5 ரேம். மூன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல பொருள்கள்தான், ஆனால் அந்தக் குறிப்பிட்ட பி760 போர்டு டிடிஆர்4, அதாவது முந்தைய தலைமுறை ரேம், போடும் வகை. பெட்டி பிரித்தாகிவிட்டது என்று சொல்லி விற்றவர் ரேமைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் சேர்த்து வைத்த காசு அது.

முதல்முறையாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்கிறவர்கள் யாரும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினாலும் சரி, ஆன்லைனில் ஆர்டர் போட்டாலும் சரி, பார்க்க வேண்டிய விஷயங்கள் ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒரு அடிப்படை

ரேமை இயக்குவது சிப்செட் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. ரேமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் அப்போது மதர்போர்டில் இருந்த சிப்செட்டுக்குள் இருந்தது. 2003இல் ஏஎம்டி தன் ஆத்லான் 64இல் அதைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டது, இன்டெல் 2008இல் முதல் கோர் ஐ7இல் அதையே செய்தது. அன்றிலிருந்து ரேம் ஸ்லாட்டிலிருந்து போகும் கம்பிகள் நேராகப் பிராசசருக்குத்தான் போகின்றன, சிப்செட் அந்த வழியிலேயே இல்லை.

அப்படியானால் சிப்செட் எதற்கு? இரண்டு வேலைக்கு. ஒன்று, யூஎஸ்பி, சாட்டா (ஹார்ட் டிஸ்க் இணைப்பு), கூடுதல் எம்.2 ஸ்லாட் (சின்ன எஸ்எஸ்டி செருகும் இடம்), நெட்வொர்க் போன்ற இணைப்புகளைத் தருவது. இன்னொன்று, அனுமதி. பிராசசரை ஓவர்க்ளாக் செய்யலாமா (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாமா), ரேமை அதன் அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் ஓட்டலாமா என்பதைச் சிப்செட்டைப் பொறுத்து நிறுவனம் திறக்கும் அல்லது பூட்டும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கடையில் "இது பெரிய சிப்செட், நல்லா ஸ்பீடா ஓடும்" என்று யாராவது சொல்லும்போது அதை அப்படியே நம்பிப் பணம் கொடுக்க மாட்டீர்கள். அதே பிராசசர், அதே ரேம், அதே அமைப்பு என்றால் விலை குறைந்த பி வரிசை போர்டிலும் மேல் வரிசை போர்டிலும் கேமில் கிடைக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 1: பிராசசரைத் தேர்வு செய்யுங்கள், சாக்கெட் தானாக வரும்

இன்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான்கு வகைச் சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) கண்ணில் படும்.

ஏஎம்டி பக்கம் ஏஎம்4. 2016இல் வந்தது, ரைசன் 5000 வரிசை வரை இதில்தான். டிடிஆர்4 மட்டும். இன்னும் விற்கிறது, குறைந்த பட்ஜெட்டுக்கு இன்னும் ஓடும். அடுத்தது ஏஎம்5. 2022 செப்டம்பரில் வந்தது, ரைசன் 7000, 8000ஜி, 9000 வரிசைகள் இதில் பொருந்தும், டிடிஆர்5 மட்டும். 2027க்கு அப்புறமும் இந்தச் சாக்கெட்டுக்கு ஆதரவு இருக்கும் என்று ஏஎம்டியே அறிவித்திருப்பதால், இன்று ரைசன் 5 7600 போட்டுவிட்டு மூன்று வருஷம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்ற நினைக்கிறவர்களுக்கு இதுதான் சரி.

இன்டெல் பக்கம் எல்ஜிஏ1700. 12, 13, 14ஆம் தலைமுறை மூன்றும் இதில்தான். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் அந்தப் பிராசசர்கள் ஏற்கும், ஆனால் போர்டு அநேகமாக ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும். அக்கா மகன் மாட்டிக்கொண்டது இங்கேதான். கடைசியாக எல்ஜிஏ1851, 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையோடு வந்தது, டிடிஆர்5 மட்டும்.

படி 2: டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ, பெட்டியின் மேல் படித்துப் பாருங்கள்

ஏஎம்4, ஏஎம்5, எல்ஜிஏ1851 மூன்றிலும் இந்தக் குழப்பம் இல்லை, சாக்கெட்டே முடிவு செய்துவிடுகிறது. எல்ஜிஏ1700இல் மட்டும் போர்டின் முழுப் பெயரையும் கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும். டிடிஆர்4 போர்டு என்றால் பெரும்பாலும் பெயரின் கடைசியில் டிடிஆர்4 என்றோ டி4 என்றோ இருக்கும். டிடிஆர்5 போர்டில் பல சமயம் ஒன்றுமே போட்டிருக்காது. பி760 என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு ரேமுக்கும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான், அதனால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. வெட்டு இருக்கும் இடமும் உள்ளே ஓடும் மின்சாரமும் வேறு. டிடிஆர்4 அடிப்படை மின்னழுத்தம் 1.2 வோல்ட். டிடிஆர்5க்கு 1.1 வோல்ட், அதை ஒழுங்குபடுத்தும் சிப்பும் ரேமின் மேலேயே இருக்கிறது. ஒன்றில் இன்னொன்றை எந்த அடாப்டர் போட்டும் ஓட்ட முடியாது.

கையில் பழைய டிடிஆர்4 நல்ல நிலையில் இருக்கிறதா? ரேம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறிய ஏற்றத்தில் அதை வீணாக்க வேண்டாம். ஐ5-12400 மாதிரி ஒரு பிராசசரும் டிடிஆர்4 பி660 அல்லது பி760 போர்டும், இல்லையென்றால் ரைசன் 5 5600 கூட பி550, இரண்டுமே இன்றும் நல்ல ஜோடி. எல்லாவற்றையும் புதிதாக வாங்குகிறீர்கள், பட்ஜெட்டும் இடம் கொடுக்கிறது என்றால் டிடிஆர்5 போங்கள்.

படி 3: சிப்செட்களை ஒப்பிடுவது

இன்டெல் எல்ஜிஏ1700இல் எச்610, பி660/பி760, எச்670/எச்770, இசட்690/இசட்790 என்று வரிசை. நடுவில் இருக்கும் எச்670, எச்770 போர்டுகள் கடைகளில் அபூர்வம், விடுங்கள்.

எச்610தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. இதில் இரண்டு ரேம் ஸ்லாட் மட்டும். ரேம் ஓவர்க்ளாக் கிடையாது. அதாவது டிடிஆர்5 6000 என்று எழுதிய ரேமை ஐ5-13400 கூட எச்610இல் போட்டால் அது 4800இல்தான் ஓடும், ஏனென்றால் அந்தப் பிராசசரின் அதிகாரபூர்வ எல்லை அது. கூடக் கொடுத்த காசு போனதுதான். அதோடு பிராசசரிலிருந்து நேராக வரும் வேகமான எம்.2 பாதையும் எச்610இல் திறக்கப்படவில்லை, எஸ்எஸ்டி சிப்செட் வழியாகப் பிசிஐஇ 3.0 வேகத்தில்தான் ஓடும் (பிசிஐஇ என்பது கார்டும் எஸ்எஸ்டியும் பிராசசரோடு பேசும் பாதை, எண் கூடினால் வேகம் கூடும்). அலுவலக வேலை, படிப்பு, பில்லிங் என்றால் எச்610 தாராளமாகப் போதும். கேமும் எடிட்டிங்கும் என்றால் பி760 வரை போய்விடுங்கள். பி760இல் பிராசசரை ஓவர்க்ளாக் செய்ய முடியாது, ரேமைச் செய்யலாம். இசட்790இல் இரண்டும் முடியும், ஆனால் உங்கள் பிராசசரின் பெயரில் கே என்ற எழுத்து இல்லை என்றால் அந்த வசதிக்கு நீங்கள் கொடுக்கும் பணத்துக்குப் பயன் இல்லை. சிப்செட்டுக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள பாதை இசட்790இல் எட்டு லேன் (தடம்), பி760இல் நான்கு. நான்கைந்து எஸ்எஸ்டி போட்டு ஒரே நேரத்தில் கோப்புகளை நகர்த்துகிறவர்களுக்கு மட்டும் இது தெரியும்.

எல்ஜிஏ1851இலும் அதே கதைதான்: எச்810இல் ரேம் ஓவர்க்ளாக் இல்லை, பி860இல் உண்டு, இசட்890இல் எல்லாம் உண்டு.

ஏஎம்டி ஏஎம்5 பக்கம் பூட்டு குறைவு. எனக்கு ஏஎம்5 பிடிக்கக் காரணமே இதுதான். மிகக் கீழே இருக்கும் ஏ620இல்கூட ரேமை எக்ஸ்போ வேகத்தில், அதாவது ரேமின் மேல் எழுதிய முழு வேகத்தில், ஓட்டலாம், பிராசசர் ஓவர்க்ளாக் மட்டும் இல்லை. பி840உம் அப்படித்தான். பி840 என்ற பெயரைப் பார்த்து பி650ஐவிடப் புதியது, மேலானது என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அதன் சிப்செட் வழி வரும் பாதைகள் பிசிஐஇ 3.0, ஓவர்க்ளாக்கும் கிடையாது. வசதியில் அது ஏ620க்குப் பக்கத்தில் நிற்கும் போர்டு. பி650, பி850, எக்ஸ்670, எக்ஸ்870 எல்லாவற்றிலும் பிராசசரும் ரேமும் இரண்டுமே திறந்திருக்கும்.

பி650க்கும் எக்ஸ்670க்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்கிறார்கள். எக்ஸ்670 என்பது பி650இல் இருக்கும் அதே சிப் இரண்டு, ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தது. முதல் சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகும் பாதை இரண்டிலும் அதே நான்கு லேன் பிசிஐஇ 4.0தான். ஆக, போர்ட்கள் இரண்டு மடங்கு கிடைக்கும், பிராசசரை எட்டும் சாலை அதே அகலம். எக்ஸ்870ஐ எடுத்துக்கொண்டால் அதில் இருப்பது மறுபடியும் ஒரே சிப். யூஎஸ்பி4உம், கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பிசிஐஇ 5.0உம் கட்டாயம் என்று விதித்ததுதான் மாற்றம். அந்த யூஎஸ்பி4 பிராசசரின் நான்கு லேன்களை எடுத்துக்கொள்வதால், சில எக்ஸ்870 போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் வேறு எதுவோ பாதியாகும். போர்டின் கையேட்டில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார்கள். யூஎஸ்பி4 தேவையில்லாதவருக்கு நல்ல பி650 அல்லது பி850 போதும், மிச்சப் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகட்டும்.

ஏஎம்4 வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. பி450இல் கிராஃபிக்ஸ் ஸ்லாட் பிசிஐஇ 3.0, பி550இல் 4.0. ஆனால் பிராசசரும் ஒத்துழைக்க வேண்டும்: ரைசன் 5 5600இல் 4.0 உண்டு, 5600ஜியிலும் 5500இலும் 3.0தான். ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி எட்டு லேன் மட்டும் பயன்படுத்தும் கார்டு போடுவதாக இருந்தால் 5600 கூட பி550 எடுங்கள்.

படி 4: ரேம் செட்டைத் தேர்வு செய்வது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

ரேமின் மேல் 6000 என்று எழுதியிருந்தால் அது விநாடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு நகர்கிறது என்ற கணக்கு. உண்மையான கடிகார வேகம் அதில் பாதி, 3000 மெகாஹெர்ட்ஸ். பிறகு சிஎல் என்ற எண். கேட்ட தரவு வரத் தொடங்க எத்தனை கடிகாரத் துடிப்பு ஆகும் என்பது அது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு எளிய கணக்கு: சிஎல்லை 2000ஆல் பெருக்கி, வேகத்தால் வகுங்கள். 6000 சிஎல்30 என்றால் 10 நானோ விநாடி. 5600 சிஎல்46 என்றால் 16க்கு மேல். டிடிஆர்4 3200 சிஎல்16உம் அதே 10தான். கடையில் நின்றபடியே போனில் போட்டுப் பார்க்கலாம். பெட்டியில் பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்துவிடுவோம்.

ரைசன் 7000இன் அதிகாரபூர்வ எல்லை 5200, ரைசன் 9000க்கு 5600. நடைமுறையில் இரண்டுக்கும் 6000 சிஎல்30தான் நல்ல இடம். அதற்குச் சற்று மேல் போனால், பல அமைப்புகளில் மெமரி கன்ட்ரோலர் ரேமின் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும், அதனால் 7200 என்று எழுதிய ரேமுக்குக் கூடுதல் காசு கொடுத்தும் ஏஎம்5இல் பலன் தெரியாது. 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன மெமரி) உள்ள பிராசசர் என்றால் ரேம் வேகத்தைப் பற்றி இன்னும் குறைவாகவே கவலைப்படலாம். கோர் அல்ட்ரா 200எஸ் கொஞ்சம் வேறு: சாதாரண ரேமுக்கு 5600, கடிகாரச் சிப் வைத்த சியூடிம் வகைக்கு 6400 என்று அதிகாரபூர்வ எல்லை. ஏஎம்4 ரைசன் 5000க்கு 3200 அல்லது 3600. பூட்டிய, அதாவது கே எழுத்து இல்லாத, 12ஆம் தலைமுறை இன்டெல் கூட டிடிஆர்4 என்றால் 3200 சிஎல்16 வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

எத்தனை ஸ்டிக்? இரண்டு. எப்போதும் இரண்டு. 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வாங்கி "அப்புறம் இன்னொன்று போடலாம்" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். அது தரவுப் பாதையைப் பாதியாக மூடி வைப்பதற்குச் சமம். டிடிஆர்5 6000 இரண்டு ஸ்டிக்கில் விநாடிக்கு 96 ஜிபி, ஒன்றில் 48. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் 5600ஜி, 8600ஜி போன்றவற்றில் கேம் விளையாடுகிறவர்களுக்கு இது உடனே கண்ணில் தெரியும், ஏனென்றால் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது.

நான்கு ஸ்டிக் போட்டால் இன்னும் நல்லதுதானே? இல்லை. ஏஎம்5இல் நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி உறுதி கொடுக்கும் வேகம் 3600க்கு இறங்கிவிடும். சிலருக்கு அதற்கு மேலும் ஓடும், ஆனால் அதை நம்பி வாங்கக் கூடாது. 32 ஜிபி வேண்டுமென்றால் 16 இரண்டு. 64 வேண்டுமென்றால் 32 இரண்டு. பின்னால் தேவைப்படும் என்று தெரிந்தால் இப்போதே பெரிய ஸ்டிக்காக எடுத்துவிடுங்கள். ஒரே பெட்டியில் வரும் செட்டாகவே எடுங்கள், ஒரே மாடல் தனித்தனியாக வாங்கினாலும் உள்ளே மெமரி சிப் வேறாக இருக்க வாய்ப்பு உண்டு.

எக்ஸ்எம்பி, எக்ஸ்போ என்று இரண்டு பெயர் பார்ப்பீர்கள். ரேம் தன் முழு வேக அமைப்பைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. முதலாவது இன்டெலுடையது, இரண்டாவது ஏஎம்டியுடையது. ஏஎம்5க்கு எக்ஸ்போ உள்ளதை எடுங்கள்.

படி 5: அந்தப் போர்டின் சொந்தப் பக்கம்

மாடல் முடிவானதும் தயாரிப்பாளரின் தளத்தில் அதே போர்டின் பக்கத்துக்குப் போங்கள். அங்கே இரண்டு பட்டியல் இருக்கும். ஒன்று பிராசசர் பட்டியல்: உங்கள் பிராசசருக்கு எந்தப் பயாஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு முதல் ஆதரவு என்று எழுதியிருக்கும். பி650 போர்டு ரைசன் 9000ஐ ஏற்கும், ஆனால் பழைய பயாஸோடு கடையில் கிடந்த பெட்டி என்றால் திரையே வராது. பி660இல் 13, 14ஆம் தலைமுறை போடும்போதும் அதேதான். பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் உள்ள போர்டாக வாங்கினால் இந்தக் கவலை இல்லை: ஃபேட்32ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில், கையேடு சொல்லும் பெயரில் கோப்பை வைத்து, மின்சார வயர்களை மட்டும் செருகி, பட்டனை அழுத்திப் பிடித்தால் பிராசசர் இல்லாமலேயே புதிய பயாஸ் ஏறிவிடும். விளக்கு மின்னுவது நிற்கும்வரை கை வைக்காதீர்கள்.

13, 14ஆம் தலைமுறை கே பிராசசர் வாங்குகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. அதிக வோல்டேஜால் அவை நாளடைவில் நிலை தடுமாறும் சிக்கலுக்கு இன்டெல் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் அடிநிலை நிரல்) திருத்தங்கள் கொடுத்தது. அவை பயாஸ் வழியாகத்தான் வரும்.

இரண்டாவது பட்டியல் ரேம் பட்டியல். நீங்கள் வாங்கப்போகும் செட்டின் முழு மாடல் எண்ணை அங்கே தேடுங்கள். இல்லாவிட்டால் ஓடாது என்று அர்த்தமில்லை, சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் ஒரே விலையில் இரண்டு செட் இருந்து ஒன்று பட்டியலில் இருந்தால் அதையே எடுங்கள்.

சாக்கெட்டைச் சுற்றியுள்ள மின்சாரப் பகுதியின் மேல் உலோக ஹீட்சிங்க் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐ9-14900கே 253 வாட் வரை இழுக்கும். அதை மொட்டையான எச்610 போர்டில் போட்டால் சூட்டில் வேகம் இறங்கும். ரைசன் 5 7600க்கு இந்தக் கவலை இல்லை.

படி 6: பொருத்துவதும் முதல் தடவை ஆன் செய்வதும்

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ஸ்டிக்கை எங்கே போடுவது? பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். கையேட்டில் ஏ2, பி2 என்று இருக்கும். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் சில போர்டுகள் ஓடவே மறுக்கும். வெட்டும் மேடும் நேராக இருப்பதை உறுதி செய்துகொண்டு, இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்துச் சமமாக அழுத்துங்கள், "டிக்" என்று சத்தம் வரும். பல புதிய போர்டுகளில் ஒரு பக்கம்தான் கிளிப் இருக்கும், மறுபக்கம் சரியாக இறங்காமலே இறங்கின மாதிரி தெரியும், குனிந்து பாருங்கள்.

டிடிஆர்5 போர்டை முதல் தடவை ஆன் செய்தால் ஃபேன் சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும், போர்டின் ஓரத்தில் டிராம் என்று எழுதிய சின்ன விளக்கு எரியும். பயப்படாதீர்கள். ரேமோடு பிராசசர் பேசிப் பழகுகிறது. இதை மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். ஏஎம்5இல் சில நிமிஷம் பிடிக்கும், ரேம் பெரிதாக இருந்தால் இன்னும் கூட. நடுவில் பொறுமையிழந்து ஆஃப் செய்தால் முதலிலிருந்து தொடங்கும். என் முதல் ஏஎம்5 கணினியில் நான் மூன்று முறை அப்படி ஆஃப் செய்து, ரேம் பழுது என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். மறுநாள் காலை திரும்பப் பொருத்தி ஆன் செய்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பயாஸ் திரை எனக்காகக் காத்திருந்தது.

பயாஸில் நுழைந்ததும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்து சேமியுங்கள். இதைச் செய்யாவிட்டால் 6000 ரேம் 4800இல் ஓடிக்கொண்டே இருக்கும், வருஷக்கணக்கில் அப்படி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபடி ட்ரெய்னிங் நடக்கும், மறுபடி காத்திருங்கள். விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து வேகம் 6000 என்று இருக்கிறதா, நான்கில் இரண்டு ஸ்லாட் என்று காட்டுகிறதா பாருங்கள். சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் 3000க்குப் பக்கத்தில் காட்டும். அது சரிதான், பாதிக் கணக்கு என்று மேலே சொன்னேன் அல்லவா, அதுதான்.

அன்று இரவே மெம்டெஸ்ட்86ஐப் பென்டிரைவில் ஏற்றி, படுக்கப் போகும் முன் ஓடவிடுங்கள். காலையில் பிழை சுழியம் என்றால் கணினி உங்களுடையது. ஒரு பிழை வந்திருந்தாலும் விட்டுவிடாதீர்கள், எக்ஸ்போவை ஆஃப் செய்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் பிழை வந்தால் ஸ்டிக்கை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்து, எது பழுது என்று கண்டுபிடித்து, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்கு எடுத்துப் போங்கள். எக்ஸ்போ இல்லாமல் பிழை வரவில்லை என்றால் 5600இல் வைத்து ஒரு இரவு, பிறகு 5800இல் ஒரு இரவு ஓட்டிப் பாருங்கள்.